முதல் நாள் கையெழுத்து

புது வேலையில் சேரும் அன்று நீட்டப்படும் வரித் தாள்களில் நாம் போடும் ஒரு டிக், எத்தனை வருடம் கழித்து நம் கதவைத் தட்டும்?

சோழிங்கநல்லூர். ஒரு திங்கட்கிழமை மதியம். பழைய மாமல்லபுரம் சாலையைப் பார்த்து நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அன்றுதான் வேலையில் முதல் நாள். காலையில் வரவேற்புரை, கைதட்டல், குரூப் போட்டோ எல்லாம் முடிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தால் ஒரு மின்னஞ்சல் காத்திருக்கிறது: கீழ்க்கண்ட படிவங்களை மாலை ஆறு மணிக்குள் பூர்த்தி செய்யவும்.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடுகிறாள்.

"அப்பா, நியூ ரெஜிமா ஓல்ட் ரெஜிமான்னு கேக்குறாங்கப்பா."

"அப்படின்னா என்னம்மா?"

"வரி கட்டுறதுல ரெண்டு வழி இருக்காம். எது வேணும்னு நான் சொல்லணுமாம்."

"ஆபீஸ்லயே யாரையாவது கேளேன்."

"கேட்டேன். 'உங்க விருப்பம்'ங்கறாங்க."

மளிகைக் கடை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அப்பா கொஞ்சம் யோசிக்கிறார். "கூட இருக்குற பிள்ளைங்க என்ன போடுறாங்களோ, அதையே போட்டுடும்மா."

அவளுடைய சம்பளம் வருடத்துக்கு நாலரை லட்சம். அந்த ஒரு கேள்வியில் நாற்பது நிமிடம் போயிற்று. அடுத்து வந்த பி.எஃப் படிவத்தை இரண்டே நிமிடத்தில் முடித்தாள். 'ஏற்கெனவே பி.எஃப் உறுப்பினரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் செய்தாள். போன வருடம் கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் எட்டு மாதம் வேலை பார்த்தபோது மாதாமாதம் பி.எஃப் பிடித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நாமினி பெயரைப் 'பிறகு' என்று தள்ளிவைத்தாள்.

நாலரை லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையிலும் வரி இல்லை, பழைய முறையிலும் வரி இல்லை. அவள் எதை டிக் செய்திருந்தாலும் ஒன்றுதான். பயந்து பயந்து நிரப்பிய தாளில் பயப்பட எதுவும் இல்லை. அலட்சியமாகத் தாண்டிய தாளில்தான் அவளுடைய சேமிப்பும் ஓய்வூதியமும் இருந்தன. இதைச் சொல்ல அந்த மாடியில் யாரும் இல்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

நாம் சொன்னால்தான் தெரியும்

நம் நாட்டுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன், ஆண்டு 1860. இன்று சம்பளக்காரர் எவரும் வரி கட்ட வரிசையில் நிற்பதில்லை. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே நிறுவனம் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறது. அதற்குப் பெயர்தான் டி.டி.எஸ்.

எவ்வளவு பிடிப்பது? அந்த நிதியாண்டு முழுவதிலும் இவருக்கு என்ன வருமானம் வரும் என்று நிறுவனம் ஒரு மதிப்பீடு போடுகிறது. அதற்கான வரியை மிச்சமுள்ள மாதங்களுக்குப் பங்கு வைக்கிறது. இங்கேதான் முடிச்சு. தான் கொடுக்கும் சம்பளம் மட்டும்தான் நிறுவனத்துக்குத் தெரியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீங்கள் வேறு இடத்தில் வாங்கிய சம்பளம் தெரியாது. நீங்கள் கட்டும் வாடகை தெரியாது. பழைய பி.எஃப் கணக்கு தெரியாது. இவற்றைச் சொல்லும் பொறுப்பு சேருகிறவர் தலையில் இருக்கிறது. முதல் நாள் தாள்கள் எல்லாம் அந்தச் சொல்லுதலுக்கான தாள்கள்தான்.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று நம்மைக் குழப்பிய சொற்கள் போய் 'வரி ஆண்டு' என்ற ஒரே சொல் வருகிறது. பிரிவுகளின் எண்ணும் படிவங்களின் எண்ணும் மாறுகின்றன. அலுவலகங்களில் எல்லோர் வாயிலும் புழங்கும் பழைய எண்களையே இங்கே சொல்கிறேன். எண் மாறினாலும் தாள் கேட்கும் கேள்வி அதேதான்.

பெட்டிச் செய்தி 1: மேஜைக்கு வரும் தாள்கள்

● பான், ஆதார் நகல்: இரண்டும் இணைந்திருக்க வேண்டும். இணைக்காத பான், 2023 ஜூலை 1 முதல் செயலிழந்த பான்தான். இப்போது இணைக்கக் கட்டணம் 1,000 ரூபாய். வரி வரம்புக்குள் வரும் சம்பளம் வாங்குபவர் செல்லுபடியாகும் பான் தராவிட்டால் குறைந்தது 20 சதவீதம் பிடிக்கப்படும்.

● வரிமுறைத் தேர்வு: எதையும் சொல்லாவிட்டால் புதிய முறை என்றே நிறுவனம் எடுத்துக்கொள்ளும்.

● படிவம் 12பிபி: பழைய முறையில் இருப்பவர்கள் வாடகை, வீட்டுக் கடன் வட்டி, 80சி முதலீடுகளைச் சொல்லும் தாள்.

● படிவம் 12பி: நிதியாண்டின் நடுவில் சேருகிறவர்கள், முந்தைய நிறுவனம் கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் சொல்லும் தாள்.

● படிவம் 11: பி.எஃப் அறிவிப்பு. யு.ஏ.என் எனப்படும் பழைய பி.எஃப் உறுப்பினர் எண்ணைச் சொல்ல வேண்டிய இடம்.

● நாமினேஷன்: பி.எஃப், ஓய்வூதியம், கிராஜுட்டி ஆகியவற்றுக்கு.

இரண்டு சுழியம் கூட்டினால் 78,780

'12 லட்சம் வரைக்கும் வரி இல்லையே!' 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு டீக்கடையிலும் கேட்கிற வசனம் இது. புதிய முறையில் அது உண்மைதான். நிரந்தரக் கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்தால் பன்னிரண்டே முக்கால் லட்சம் சம்பளம் வரை வரி சுழியம். ஆனால், இந்தச் சலுகை ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டில் ஒரே ஒரு முறைதான். வேலை மாறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கோவையில் மாதம் 90,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,80,000. கழிவு போக, 12 லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. நிறுவனம் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. அக்டோபர் 1 அன்று சென்னையில் மாதம் 1,40,000 ரூபாய்க்குச் சேருகிறார். மார்ச் வரை ஆறு மாதச் சம்பளம் 8,40,000. புது நிறுவனத்தின் கணக்கிலும் அது 12 லட்சத்துக்குள்தான். இங்கேயும் பிடித்தம் இல்லை. 12பி படிவத்தை அவர் கொடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மாதாமாதம் முழுச் சம்பளமும் கைக்கு வருகிறது. அந்தத் தைரியத்தில் வண்டிக் கடன் தவணையை உயர்த்திக்கொள்கிறார்.

ஜூலையில் ஆடிட்டர், சம்பளத்துக்கும் வரிக்கும் இரண்டு நிறுவனங்களும் தந்த சான்றிதழான ஃபார்ம் 16 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டுகிறார்.

பெட்டிச் செய்தி 2: ஜூலையில் போடும் கணக்கு (நிதியாண்டு 2025-26, புதிய முறை)

கோவைச் சம்பளம், 6 மாதம்: 5,40,000
சென்னைச் சம்பளம், 6 மாதம்: 8,40,000
மொத்தம்: 13,80,000
நிரந்தரக் கழிவு, ஒரு முறை மட்டும்: 75,000
வரிக்குரிய வருமானம்: 13,05,000

முதல் 4 லட்சம்: வரி இல்லை
4 முதல் 8 லட்சம் வரை, 5 சதவீதம்: 20,000
8 முதல் 12 லட்சம் வரை, 10 சதவீதம்: 40,000
மிச்சம் 1,05,000-க்கு 15 சதவீதம்: 15,750
கூட்டுத்தொகை: 75,750
செஸ் 4 சதவீதம்: 3,030
கட்ட வேண்டியது: 78,780 ரூபாய்

இதன் மேல், முன்கூட்டியே வரி கட்டாததற்கான வட்டி. ஜூலையில் கட்டினால் ஏறத்தாழ 7,000 ரூபாய்.

இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குத் தெரிந்தவரை சரியாகவே கணக்குப் போட்டிருக்கின்றன. அவரும் எதையும் மறைக்க நினைக்கவில்லை. ஒரு தாள் நடுவில் வராமல் போனது, அவ்வளவுதான். அக்டோபரிலேயே அதைக் கொடுத்திருந்தால் மாதம் 13,130 ரூபாய் வீதம் ஆறு மாதத்தில் அதே வரி பிடிக்கப்பட்டிருக்கும். வட்டி இருந்திருக்காது. வண்டித் தவணையை உயர்த்தும் முன் இரண்டு முறை யோசித்திருப்பார்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்று எண்ணவும் வழியில்லை. இரண்டு நிறுவனங்களும் காலாண்டுக்கு ஒரு முறை வரித்துறைக்குக் கணக்குத் தருகின்றன. இரண்டும் ஒரே பான் எண்ணின் கீழ் 26ஏஎஸ் அறிக்கையிலும் ஏ.ஐ.எஸ் அறிக்கையிலும் வந்து உட்காருகின்றன. ரிட்டர்னில் ஒரு சம்பளத்தை மட்டும் காட்டினால், இன்னொன்று எங்கே என்ற கேள்வி தானாகக் கிளம்பிவிடும்.

'பழைய கம்பெனி இன்னும் ஃபார்ம் 16 தரவில்லை. அதனால்தான் 12பி கொடுக்கவில்லை' என்பது பலரும் சொல்லும் காரணம். ஃபார்ம் 16, நிதியாண்டு முடிந்து ஜூன் 15-க்குள் தர வேண்டியது. அக்டோபரில் அதை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. 12பி என்பது ஊழியர் தானே எழுதிக் கையெழுத்திடும் தாள். கடைசிச் சம்பளச் சீட்டும் கணக்கு முடித்த விவரத் தாளும் இருந்தால் போதும், நிரப்பிவிடலாம்.

பிப்ரவரியில் பாதிச் சம்பளம்

பழைய முறை யாருக்கு? சொந்த ஊரில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, சென்னையில் வாடகைக்கு இருந்து, 80சி-யில் ஒன்றரை லட்சம் ரூபாயை நிரப்பி, பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடும் எடுத்திருப்பவர் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாடகைப்படிச் சலுகையில் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தின் 50 சதவீதம் உச்சவரம்பு என்றால், கோவைக்கும் மதுரைக்கும் 40 சதவீதம். ஊர் மாறி வேலைக்குச் சேரும்போது இந்தக் கணக்கும் மாறும்.

ஆனால், முதல் நாள் அறிவிப்பு என்பது வாக்கு மட்டுமே. பெரும்பாலான நிறுவனங்கள் ஜனவரி வாக்கில் ஆதாரம் கேட்கும். ஜூனில் சேர்ந்தபோது 'ஒன்றரை லட்சம் போடுவேன்' என்று எழுதிவிட்டு, ஜனவரியில் எல்.ஐ.சி ரசீது ஒன்றை மட்டும் நீட்டினால், அதுவரை குறைவாகப் பிடித்த வரி முழுவதும் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் வந்து விழும். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதே மாதங்களில்தான் வரும்.

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். ரசீது என்றாலே முகம் சுளிக்கும் உரிமையாளர்கள் நம் ஊரில் குறைவில்லை. அதற்காகச் சிலர் இல்லாத வாடகையை எழுதுகிறார்கள். யாருடைய பான் எண்ணையோ போடுகிறார்கள். 'ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்' என்று கமிஷன் பேசும் இடைத்தரகர்களும் அலுவலகம் அலுவலகமாக வலம் வருகிறார்கள். 2025 ஜூலையில் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில், பொய்க் கழிவுகளைக் காட்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்த இடைத்தரகர்களைக் குறிவைத்து வரித்துறை சோதனை நடத்தியது. தவறான விவரம் கொடுத்து வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், அந்த வரியின் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. தரகர் கமிஷனோடு போய்விடுவார். கையெழுத்து நம்முடையது; நோட்டீஸ் நமக்குத்தான் வரும்.

பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு அவர்களுக்கு உண்மையிலேயே வாடகை கொடுத்தால், அதைக் காட்டுவதில் தவறில்லை. வங்கி வழியாகக் கொடுக்க வேண்டும். வாங்கும் அப்பாவோ அம்மாவோ தங்கள் வருமானத்தில் அதைக் காட்ட வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. அலுவலகத்தில் சொன்ன வரிமுறையே இறுதி அல்ல. சம்பளம் வாங்குபவர்கள் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆனால், பழைய முறைக்குப் போக வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். கெடு கடந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஒரு இனிஷியல் செய்யும் வேலை

இது தமிழர்களுக்கென்றே இருக்கும் தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னாலோ பின்னாலோ நிற்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கவிதா எஸ்'. ஆதாரில் 'எஸ் கவிதா'. பான் விண்ணப்பத்தில் இனிஷியலுக்கு இடமில்லை. எழுத்தை விரித்து எழுத வேண்டும். அதனால் பான் கார்டில் அவர் 'கவிதா சுப்பிரமணியன்'. வங்கிப் பாஸ்புக்கில் இன்னொரு விதம். ஊருக்கு அவர் ஒரே கவிதாதான். கணினிக்கு நான்கு பேர்.

பெயர் பொருந்தாவிட்டால் பானும் ஆதாரும் இணையாது. யு.ஏ.என் கணக்கில் அடையாளச் சரிபார்ப்பு தேறாது. சரிபார்ப்பு தேறாவிட்டால் அவசரத்துக்கு பி.எஃப் பணத்தை எடுக்க முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, பணம் கேட்ட விண்ணப்பம் பெயர்ப் பிழையால் திரும்பி வந்ததைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை!

பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறுகிறது. ஆதாரில் கணவர் பெயர் ஏறுகிறது, பான் கார்டில் அப்பா பெயர் இருக்கிறது, யு.ஏ.என்-னில் முதல் வேலையில் எழுதிய பெயர் அப்படியே கிடக்கிறது. குழந்தை பெற்று, இரண்டு மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி வேலைக்குச் சேரும் பெண்ணிடம் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் கேட்பது, 'இது நீங்கதானா மேடம்?' என்றுதான். கல்யாணத்துக்கு முன் எழுதிக்கொடுத்த பி.எஃப் நாமினேஷனையும் கல்யாணத்துக்குப் பின் புதிதாக எழுதித் தர வேண்டும். இதை எடுத்துச் சொல்லும் அலுவலகங்கள் அபூர்வம்.

ஒரு மாற்றத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். தாய் மட்டுமே வளர்த்த பிள்ளைகளுக்கு, 2018 டிசம்பர் முதல் பான் விண்ணப்பத்தில் அப்பா பெயரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அம்மாவின் பெயர் போதும்.

பெட்டிச் செய்தி 3: பெயரை ஒழுங்கு செய்ய

● சேருவதற்கு ஒரு மாதம் முன்பே ஆதார், பான், வங்கிக் கணக்கு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நான்கையும் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

● பான் கார்டில் உள்ளபடி விரித்தெழுதிய பெயரை ஆதாரிலும் கொண்டுவருவது பலருக்கும் எளிய வழி.

● பிறந்த தேதியையும் பாருங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றிச் சொன்ன தேதி ஒரு தாளிலும், உண்மையான தேதி இன்னொன்றிலும் இருக்கும்.

● ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா? ஓ.டி.பி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

திருப்பூர்ச் சட்டைப்பையில் மூன்று எண்

வரித் தாள் என்றதும் ஐ.டி. கம்பெனிக்காரர்களை மட்டும் நினைக்கக் கூடாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தையல்காரருக்கு வருமான வரி இல்லை. ஆனால், அவர் கைநாட்டோ கையெழுத்தோ இடும் படிவம் 11-இல் அவருடைய முதுமை இருக்கிறது.

2014-இல் யு.ஏ.என் வந்ததன் நோக்கமே, எத்தனை இடம் மாறினாலும் ஒரு தொழிலாளிக்கு ஆயுள் முழுக்க ஒரே பன்னிரண்டு இலக்க எண் என்பதுதான். 'முன்பு உறுப்பினரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று விழுந்து, பழைய எண் ஆதாரோடு சேராமல் எங்கோ கிடந்தால், புதிதாக இன்னோர் எண் பிறந்துவிடும். அடுத்த கம்பெனியில் மூன்றாவது.

விளைவுகளைப் பாருங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். நான்கு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் என்று துண்டு துண்டாகக் கிடக்கும் சேவை, ஒன்றாகச் சேராதவரை பன்னிரண்டு வருடமாகக் கணக்கில் வராது. உழைத்தவர் அவர்தான், ஆனால் தாளில் அவர் மூன்று ஆள்.

வரியும் இங்கே நுழைகிறது. தொடர்ச்சியான ஐந்து வருடச் சேவைக்கு முன் பி.எஃப் பணத்தை எடுத்தால் அதற்கு வரி உண்டு. தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்; பான் தராதவருக்கு 20 சதவீதம். பழைய கணக்கைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால், பழைய இடத்தில் உழைத்த வருடங்களும் அந்த ஐந்தில் சேரும். 'வேலையை விட்டாச்சு, பி.எஃப்-பை எடுத்துடலாம்' என்று ஒவ்வொரு முறையும் துடைத்து எடுப்பவர் வரியையும் கட்டுகிறார், ஓய்வூதியச் சேவையையும் தொலைக்கிறார்.

நாமினேஷன் இதைவிட முக்கியம். வேலையில் இருக்கும்போதே உறுப்பினர் இறந்துவிட்டால், பி.எஃப் தொகையோடு காப்பீடாக 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்க வழி இருக்கிறது. நாமினி கட்டம் காலியாக இருந்தால், துக்க வீட்டுப் பெண் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டியிருக்கும். முதல் நாள் இரண்டு நிமிடம் செலவழித்து எழுதியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அலைச்சல் அது.

சம்பளமா, கட்டணமா?

வேலைக்கடிதத்தில் 'ஊழியர்' என்று இருக்கிறதா, 'ஆலோசகர்' என்று இருக்கிறதா? கையெழுத்திடும் முன் இதைப் பாருங்கள். தனியார் மருத்துவமனைகளில் சேரும் இளம் மருத்துவர்கள், புதிய தொழில்முனைவு நிறுவனங்களில் சேரும் வடிவமைப்பாளர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள் எனப் பலரும் 'தொழில்முறைக் கட்டணம்' என்ற பெயரில் பணம் வாங்குகிறார்கள். தினம் பத்து மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். விடுப்புக்கு அனுமதி கேட்கிறார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது சம்பளம் அல்ல.

பிரிவு 194ஜே-யின்படி 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதி வரும். 'அதான் வரி பிடிச்சாச்சே' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்து சதவீதம் முன்பணம்தான். மொத்த வருமானத்துக்கு வரி கூடுதலாக வந்தால் மிச்சத்தை நாமே கட்ட வேண்டும். குறைவாக வந்தால் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். சம்பளக்காரருக்குரிய 75,000 ரூபாய்க் கழிவு இவர்களுக்குக் கிடையாது. பி.எஃப் இல்லை. ரிட்டர்ன் படிவமும் வேறு. தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையே வருடா வருடம் மாறிக்கொள்ளவும் முடியாது. ஆஃபர் தொகை ஒன்றாகவே இருந்தாலும் கையில் நிற்கும் பணம் வேறு. இந்த வித்தியாசத்தைச் சேருவதற்கு முன் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

விட்டு வரும் இடத்தில் வாங்க வேண்டியவை

புது இடத்துத் தாள்கள் சரியாக இருக்க, பழைய இடத்திலிருந்து வெறுங்கையோடு வரக் கூடாது. பிரிவு உபசாரமும் கேக்கும் முடிந்ததும், கம்பெனி மின்னஞ்சல் கணக்கு அன்றே பூட்டப்படும். சம்பளச் சீட்டுகள் எல்லாம் அதற்குள் இருக்கும்.

அந்தச் சீட்டுகள் நமக்குக் கேடயம். ஊழியரிடம் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாத நிறுவனங்களும் உண்டு. 26ஏஎஸ் அறிக்கையில் அந்தத் தொகை காணாமல் போய், ஊழியருக்கே நோட்டீஸ் வரும். நிறுவனம் பிடித்த வரியை ஊழியரிடம் மறுபடி நேரடியாகக் கேட்கக் கூடாது என்று சட்டத்தின் பிரிவு 205 பாதுகாப்புத் தருகிறது. ஆனால், பிடித்தார்கள் என்று காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே! சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும்தான் அந்த ஆதாரம்.

தொழில் வரியையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் இதை அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கின்றன. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் வரம்பு. அரையாண்டின் நடுவில் வேலை மாறினால் இரண்டு இடத்திலும் பிடிக்க வாய்ப்பு உண்டு. முதல் இடத்தில் பிடித்த சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

பெட்டிச் செய்தி 4: வேலை மாறுகிறவரின் பட்டியல்

● அந்த நிதியாண்டின் எல்லாச் சம்பளச் சீட்டுகளும்
● கணக்கு முடித்த விவரமும் வரிக் கணக்கீட்டுத் தாளும்
● யு.ஏ.என் எண், வேலையை விட்ட தேதி அதில் பதிவாகியிருக்கிறதா என்ற உறுதி
● பணிவிடுப்புக் கடிதம்
● ஃபார்ம் 16 வரவேண்டிய சொந்த மின்னஞ்சல் முகவரி, சம்பளப் பிரிவில் பதிவு
● பொதுவாக ஜூலை 31-க்குள் ரிட்டர்ன். தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு: 5,000 ரூபாய், வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய்

ஒரு மணி நேரம் போதும்

நம் கல்லூரிகள் இறுதி ஆண்டு மாணவர்களுக்கு நேர்காணலில் எப்படி உட்காருவது, எப்படிப் பேசுவது, டை எப்படிக் கட்டுவது என்றெல்லாம் வாரக் கணக்கில் சொல்லித்தருகின்றன. வேலை கிடைத்த மறுநாள் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லித்தர ஒரு மணி நேரம் ஒதுக்கும் கல்லூரியை நான் பார்த்ததில்லை. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களை வேலைக்குத் தயார் செய்கிறது. அதில் இதற்கும் ஒரு மணி நேரம் இருக்கட்டும். தமிழில் இருக்கட்டும். குடும்பத்திலேயே முதல் ஆளாகச் சம்பளச் சீட்டு வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. மளிகைக் கடை அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் கட்டிய வரிக்கு இப்படி ஒரு படிவம் வந்ததே இல்லை.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் நாளே மாலை ஆறு மணிக் கெடு எதற்கு? ஆஃபர் கடிதத்தோடு இந்தத் தாள்களையும் அனுப்பிவிட்டால், சேருகிறவர் வீட்டில் உட்கார்ந்து, சான்றிதழ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிரப்பலாமே. 'உங்கள் விருப்பம்' என்று சொல்லும் ஹெச்.ஆர் அதிகாரி, 'உங்கள் சம்பளத்துக்கு இரண்டிலும் வரி வராது, கவலை வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் எத்தனை பேரின் நாற்பது நிமிடம் மிச்சமாகும்! வருடத்தின் நடுவில் வருபவரிடம், 'முந்தைய இடத்தில் எவ்வளவு வாங்கினீர்கள்?' என்று கேட்டு 12பி-யை வாங்கி வைப்பது, ஒரு குடும்பத்தை ஜூலை அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றும்.

மணி ஐந்து நாற்பது. சோழிங்கநல்லூர் நான்காவது மாடியில் அந்தப் பெண் இருக்கைக்குத் திரும்பியிருக்கிறாள். பக்கத்து இருக்கைப் பையன், தன் பழைய கம்பெனி யு.ஏ.என் எண்ணைத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறாள். கோவை நினைவு வருகிறது. மின்னஞ்சலைத் துழாவி, எட்டு மாதம் முந்தைய சம்பளச் சீட்டு ஒன்றைத் திறக்கிறாள். மூலையில் பொடி எழுத்தில் பன்னிரண்டு இலக்கங்கள். படிவம் இன்னும் மூடவில்லை. 'இல்லை' என்ற டிக்கை எடுத்துவிட்டு 'ஆம்' என்று மாற்றுகிறாள். எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். அடுத்து நாமினி கட்டம். மறுபடி போனை எடுக்கிறாள். இந்த முறை படிக்கட்டுக்குப் போகவில்லை.

"அம்மா, உன் ஆதார் கார்டை எடுத்துப் பாரேன். அதுல உன் பேரை எப்படிப் போட்டிருக்காங்க? ஒவ்வொரு எழுத்தா சொல்லும்மா."